கூல் எடிட் முதல் ஆடாசிட்டி வரை: எதை நம்பி குரலைக் கொடுப்பது?

பூலாம்பாடி பக்கத்துல வயசானவங்க பாடுற நடவுப் பாட்டு, ஒப்பாரி, கவலை ஓட்டின காலத்துக் கதைகள்னு கொஞ்சம் கொஞ்சமா பதிவு செஞ்சு வச்சிருக்கேன். பாட்காஸ்ட்டா போடலாம்னு கிளம்பினா முதல் கேள்வியே, எந்த மென்பொருள்ல வெட்டி ஒட்டறது? எதுல என்ன வசதின்னு பட்டியல் போடறதைவிட, இதுங்களோட பூர்வீகத்தைப் பார்த்தது எனக்கு உதவியா இருந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கூல் எடிட் ஞாபகம் இருக்கா மக்களே? சின்ட்ரில்லியம் என்ற சின்ன அமெரிக்க நிறுவனத்தின் ஷேர்வேர். காசு கட்டாம கூல் எடிட் 96-ஐத் திறந்தா, இருக்கிற வசதிகள்ல ரெண்டே ரெண்டு வகையைத்தான் அந்தத் தடவைக்குத் தேர்ந்தெடுக்கலாம். வேற வேணுமா? மூடிட்டு மறுபடி திறக்கணும் :-) 2003-ல் அடோபி இதை 1.65 கோடி டாலருக்கு வாங்கி, ஆடிஷன் என்று பெயர் மாற்றியது. அருமையான மென்பொருள்தான். ஆனா இன்னைக்கு சந்தா கட்டினாத்தான் ஆடிஷன். சந்தாவை நிறுத்தினா, அதுல பல டிராக் போட்டு செஞ்ச வேலை உள்ளேயே மாட்டிக்கும்.

ஆடாசிட்டி பிறந்தது பல்கலைக்கழகத்தில். 1999-ல் கார்னகி மெல்லனில் டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் தொடங்கினார்கள். 2000 மே மாதம் மூலநிரலோடு இலவசமாக வெளியானது. 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை பென் ஹாமர்ஸ்லி கார்டியன் பத்திரிகையில் எழுதியது 2004-ல். ஐட்யூன்ஸில் ஆப்பிள் பாட்காஸ்ட்டைச் சேர்த்தது 2005 ஜூனில். காசில்லாமல் ஒலிபரப்ப ஆசைப்பட்டவர்களுக்கு அப்போ கையில் தயாரா இருந்தது இதுதான்.

குறை இல்லாமலா? எம்பி3 காப்புரிமைத் தொல்லையால் லேம் என்ற துணுக்கைத் தனியா இறக்கிச் சேர்க்கணும். காப்புரிமைகள் 2017-ல் தீர்ந்து, 2019-ல்தான் லேம் உள்ளேயே வந்தது. அதைவிடப் பெரிய வம்பு, பழைய புராஜெக்ட் கோப்பு. கோப்பு ஒரு பக்கம், ஒலியெல்லாம் துண்டு துண்டா இன்னொரு ஃபோல்டர்ல. ஒண்ணை மட்டும் பென் டிரைவ்ல ஏத்திட்டுப் போனா அங்கே வெறும் கூடுதான் திறக்கும். 2021-ல் வந்த 3.0 பதிப்பில்தான் எல்லாம் ஒரே கோப்பானது.

அதே 2021-ல் ஆடாசிட்டி, மியூஸ் குரூப் கைக்குப் போச்சு. பயன்படுத்துறவங்க தகவலைச் சேகரிக்கப் போறாங்கன்னு பெரிய சண்டை. ஆனா ஜிபிஎல் உரிமத்துல இருக்கிற மூலநிரலை யாராலும் பூட்டி வைக்க முடியாது. பிடிக்காதவங்க அதை எடுத்து டெனாசிட்டின்னு தனிக்கிளை ஆரம்பிச்சாங்க. கூல் எடிட் கைமாறினப்போ அதன் ரசிகர்களுக்கு இந்த வழி இல்லை. என்னைப் பொறுத்தவரை வித்தியாசமே இதுதான்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். பேச்சில்லாத ரெண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து இதுதான் இரைச்சல்னு காட்டினா, அதே மாதிரி ஒலியை முழுக்கக் குறைக்கும். ஃபேன், மோட்டார் மாதிரி ஒரே சீரான சத்தத்துக்கு நல்லா வேலை செய்யும். காக்கா, பஸ் ஹார்னுக்கு ஆகாது. அளவு மீறினா பாட்டி தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி கேட்கும். அதுவுமில்லாம, பாட்டுக்கு நடுவுல கூவற சேவலும் அந்தத் திண்ணையோட ஒலிதானே? நான் அதை விட்டுடறேன்.

ஆக, நான் தேர்ந்தெடுத்தது ஆடாசிட்டி. ஆனா அதையும் முழுசா நம்பறதில்லை. மூலப் பதிவு வேவ் கோப்பாகவே, கை படாம, ரெண்டு இடத்துல இருக்கும். வெட்டறது நகல்ல மட்டும். வேலை முடிஞ்சதும் இன்னொரு வேவ். எம்பி3 ஒலிபரப்ப மட்டும்.

கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வுக்காக 1913-லிருந்து 1929 வரை கிராமஃபோன் தட்டுகளில் பதிந்த குரல்களை இன்னைக்கும் இணையத்தில் கேட்கலாம். மெஷின் எல்லாம் மாறிப் போச்சு, குரல் நிக்குது. நான் பதிவு செஞ்சவங்கள்ல ஒரு பாட்டி இப்போ இல்லை. மென்பொருளை எப்போ வேணாலும் மாத்திக்கலாம். அந்த நடவுப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்க முடியாது.