80 நெடுவரிசைக்குள் தமிழ் வரி: ஈமாக்ஸ் சாளர அமைப்புகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

உருபன் பகுப்பை உரைத்திருத்தியில் தட்டெழுதிய மொழியியல் மாணவர் எவரும் இத்தொல்லையை அறிவர். மேல்வரியில் தமிழ்ச் சொல், அதன்கீழ் உருபன்கள், அதன்கீழ் இலக்கணக் குறிப்பு. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்க வேண்டும், நிற்பதில்லை. நாம் தமிழ் எழுத்தை விட்டு உரோமன் ஒலிபெயர்ப்புக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் ஆய்வுத் தரவிலும் அதையே செய்துவந்தேன். ஈமாக்ஸின் சாளர அமைப்புகளைப் படித்த பின்னரே இத்தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு எனத் தெரிந்தது.

ஈமாக்ஸ் 1976-இல் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் உருவானது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு ஈமாக்ஸ் 1985-இல் வெளிவந்தது. அக்காலத்தில் திரை முழுவதும் ஒரே எழுத்து முனையம். அதைப் பிரித்தால் கிடைத்த பகுதிக்குச் ‘சாளரம்’ என்று பெயரிட்டனர். இன்று நாம் சாளரம் என அழைப்பது ஈமாக்ஸில் ‘சட்டகம்’ ஆனது அதனால்தான். கலைச்சொல்லைப் போலவே அளவையும் அக்காலத்தில் நிலைத்தது. புதிய சட்டகத்தின் இயல்பான அகலம் இன்றும் 80 நெடுவரிசை. 1928-இன் ஐ.பி.எம். துளை அட்டையிலும் 80. 1978-இன் விடி100 முனையத்திலும் 80.

நெடுவரிசை என்பது ஓர் எழுத்தின் அகலம். எல்லா எழுத்தும் சம அகலம் கொண்டவை என்பது தட்டச்சுப்பொறியின் கற்பிதம். உரோமன் எழுத்து அதற்கு உடன்பட்டது. சீன, ஜப்பானிய எழுத்துகளும் இரண்டு நெடுவரிசை எனக் கணக்கிட்டதும் அடங்கின. ஜப்பானிய மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உருவாகி, 1997-இல் ஈமாக்ஸ் 20-உடன் இணைந்த பன்மொழி விரிவாக்கம் இத்தகைய கணக்கையே கொண்டிருந்தது. தமிழ் இதில் அடங்காது. ‘ர’, ‘ஞ’ இரண்டும் கணக்கில் ஒவ்வொரு நெடுவரிசையே. திரையில் ‘ஞ’ மிகுந்த இடம் கொள்ளும். ‘கொ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கும்.

எழுத்தைப் பொறிக்கேற்ப மாற்றுவதா, பொறியை எழுத்துக்கேற்ப மாற்றுவதா என்னும் கேள்வி திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. 1971-இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியபோது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகும் பொருட்டு உகர, ஊகரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிக்கப்பட்டன. கூட்டெழுத்துகள் பல கலைக்கப்பட்டன. தமிழ்நாட்டின் 1978 சீர்திருத்தத்திலும் இதை ஒத்த நோக்கம் இருந்தது. 2001 ஜூலை 20 அன்று இதே திருவனந்தபுரத்தில், ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பயனர் தம் மென்பொருளைத் திருத்திக்கொள்ளும் உரிமை அதன் அடிப்படை. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஈமாக்ஸ் 21, வெவ்வேறு அகலமும் உயரமும் கொண்ட எழுத்துருக்களைக் காட்டத் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் 1971-இல் இயலாதிருந்த விடை, 30 ஆண்டுகளில் இயலக்கூடியதாயிற்று.

பின்னர் 2009-இன் 23-ஆம் பதிப்பு யூனிகோடை உள்ளமைப்பாகக் கொண்டது. 2014-இன் 24.4, சட்டகத்தைப் பிக்சல் அளவில் மாற்ற வழி தந்தது. 2020-இன் 27-ஆம் பதிப்பு ஹார்ஃபபஸ் துணையால் இந்திய எழுத்துகளைச் செம்மையாகக் கோத்தது. எனினும் ‘ஃபிரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ்’ என்னும் மாறி இன்றும் இயல்பாக அணைந்தே இருக்கிறது. சட்டகத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அது எழுத்தகலத்தின் மடங்குகளிலேயே தாவும். பழைய அளவை இன்னும் போய்விடவில்லை.

என் அமைப்புக் கோப்பில் நான் செய்தவை நான்கு. மேற்கண்ட மாறியை இயக்கினேன். எழுத்துருத் தொகுதியில் தமிழுக்குத் தனி எழுத்துரு குறித்தேன். தமிழ் வரிகள் உயர்ந்து சாளரத்தில் வரிகளின் எண்ணிக்கை குறையாதிருக்க, ‘ஃபேஸ்-ஃபான்ட்-ரீஸ்கேல்-அலிஸ்ட்’ மூலம் அதன் அளவைச் சற்றுக் குறைத்தேன். பகுப்பு வரிகளின் இடைவெளியை நெடுவரிசையால் அன்றிப் பிக்சலால் குறித்தேன். ஆர்க் அட்டவணைகளுக்கு இதையே வாலைன் என்னும் நீட்சி செய்கிறது. இப்போது ‘மரத்திலிருந்து’ என்பதன் சாரியையும் உருபுகளும் தமிழ் எழுத்திலேயே தத்தம் குறிப்புகளின் மேல் நேராக நிற்கின்றன.

இதற்கு வரம்பு உண்டு. கோப்பை வேறொரு திருத்தியில் திறந்தால் வரிகள் மீண்டும் சரியும்; இந்த ஒழுங்கு காட்சியில் உள்ளது, தரவில் இல்லை. ஆகவே தரவைத் தத்தல் குறியால் பிரித்துச் சேமிப்பதே நல்லது. ஆனால் தமிழ்த் தரவை உரோமனில் எழுதுவதற்கு ‘வரி நேராக நிற்காது’ என்பதை இனிக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் இதை முதலாண்டிலேயே முயன்று பார்க்கலாம். நான் மூன்றாம் ஆண்டில்தான் பார்த்தேன்.