ராஜினாமா எழுதிக் கேட்கிறார்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

'நாளையில இருந்து வேலை இல்லை, ரிசைன் லெட்டர் கொடுத்துட்டுப் போயிடு.' வாளையார் எல்லையைத் தாண்டி கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குப் போய் வரும் தொழிலாளியிடம் இப்படிச் சொன்னால், அவருக்கு வேலையின்மைப் படி கிடைக்குமா?

என்ன திட்டம்?
இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கானது அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். 2018 ஜூலை 1-இல் தொடங்கியது. வேலை போனால், சராசரி தினக்கூலியில் 50% வீதம் அதிகபட்சம் 90 நாள் கிடைக்கும். தினக்கூலி 500 ரூபாய் என்றால் மொத்தம் 22,500 ரூபாய். வாழ்நாளில் ஒரு முறைதான்.

யாருக்குக் கிடைக்கும்?
வேலை போவதற்கு முன் 2 ஆண்டு இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். இஎஸ்ஐ மத்திய அரசுத் திட்டம். வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளாவில் என்றாலும் விதி ஒன்றுதான்.

ராஜினாமா செய்தால்?
சிக்கல் இங்கேதான். தானாக வேலையை விட்டவர், விருப்ப ஓய்வு பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் ஆகியோருக்குப் படி இல்லை. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதினால், நீங்களே விட்டதாக ஆகிவிடும். ஆட்குறைப்புக்கான இழப்பீடு கேட்பதும் கஷ்டமாகிவிடும்.

என்ன செய்யலாம்?
- உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பணிநீக்க உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.
- எழுதியே ஆக வேண்டுமென்றால், 'நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்' என்று காரணத்தைக் குறிப்பிடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
- வாட்ஸ்அப் செய்தி, சம்பளச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.
- மிரட்டி வாங்கினால், தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

எப்படி விண்ணப்பிப்பது?
வேலை போய் 30 நாள் கழித்து, இஎஸ்ஐ இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆதார், வங்கிக் கணக்கு விவரம் தேவை. பணம் நேராகக் கணக்குக்கு வரும். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது அமலில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் ராஜினாமாவால் போகாது: 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் பணிக்கொடை உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.