கைமாறிய கடைவீடுகள்: ஜார்ஜ்டவுன் நகரின் வீட்டு வரலாறு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வயிற்றுக்குச் சோறும் உடம்புக்குத் துணியும் கிடைத்தபின் மனிதன் தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரையைத்தான். அந்தக் கூரை சொந்தக் கூரையாக இருந்தால் கவலை குறைவு. வாடகைக் கூரையாக இருந்தால்? ஊர் நொடித்தாலும் துன்பம்; ஊர் செழித்தாலும் துன்பம்! இது எப்படி என்பதை, நமக்கு அக்கரையில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரமே தன் வரலாற்றால் காட்டுகிறது.

நம் பள்ளி மாணவர்களில் பலருடைய தாத்தா பாட்டிமார் அந்த நகரத்தில் குடியிருந்தவர்கள். "எங்க தாத்தா டவுன்ல இருந்தவரு சார்" என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். "அப்படியா? பிறகு ஏன் கடல் தாண்டி இங்கே வந்தார்?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அந்தப் பதிலைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகம் தந்த வாழ்வு

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். வரியில்லாத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டதும் நாலா திசையிலிருந்தும் வணிகர்கள் வந்து குவிந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். லெபோ சூலியா என்னும் தெருப்பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. லெபோ குயினில் உள்ள மகா மாரியம்மன் ஆலயம் 1833இல் கட்டப்பட்டது. லெபோ பாசார் தமிழர் வாயில் 'கடைத்தெரு' ஆயிற்று. பினாங் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகளை அமைத்து வட்டித் தொழில் நடத்தினர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் தமிழர்கள் நிறைய இருந்தனர்.

இவர்கள் எல்லாரும் குடியிருந்த இடம் எது? கடைவீடுதான். கீழே கடை, மேலே குடித்தனம், முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். நடுவில் வெளிச்சத்திற்கும் காற்றுக்கும் வானம் பார்த்த முற்றம். அத்தகைய ஒரு வீட்டின் மாடியில் பலகை அடித்துப் பிரித்த அறைகளில் ஐந்தாறு குடும்பங்கள்கூட வாழ்ந்தன. 'கெட்டும் பட்டணம் சேர்' என்று வந்தவர்களுக்கு அந்த அறைகளே பட்டணம்.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜூலா' கப்பல் வரும் நாட்களில் துறைமுகம் திருவிழாக் கோலம் பூணும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அன்று அதன் பெருமைக்குக் குறைவேயில்லை.

நொடித்த நகரம்

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு அல்லவா? 1969இல் தீவின் வரியில்லாத் துறைமுகத் தகுதி நீக்கப்பட்டது. இடைத்தரகு வணிகத்தையே நம்பியிருந்த நகருக்கு இது பேரிடி. கிள்ளான் துறைமுகம் வளர வளர, இங்கே கிடங்குகள் காலியாயின. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. மாநில அரசு 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் தொடக்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வேலை தீவின் தென்கோடியில். இளைஞர்கள் வேலையைத் தொடர்ந்து போனார்கள். ரஜூலாவுக்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் தீப்பிடித்ததோடு நின்றது. கடலோரப் பழைய நகரம் சுண்ணாம்பு உதிர்ந்து, ஓடு சரிந்து, முதியோர்களின் ஊராகத் தேயத் தொடங்கியது.

காத்ததும் கெடுத்ததும் ஒரே சட்டம்

இவ்வளவு நொடித்த பிறகும் அந்தப் பழைய கடைவீடுகள் இடிபடாமல் நின்றது எப்படி? இங்கேதான் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏழைகளிடம் அநியாய வாடகை வாங்கக்கூடாது என்பதற்காக, 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. வீட்டுக்காரர் நினைத்தபோது வாடகையை உயர்த்த முடியாது. நினைத்தபோது குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. நாட்டிலேயே இச்சட்டத்தின் நிழலில் மிகுதியான வீடுகள் இருந்தது ஜார்ஜ்டவுனில்தான்.

என் பெரியப்பா அந்த நிழலில் வாழ்ந்தவர். பினாங் தெருப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அவருக்கு ஓர் அறை. பத்தர் வேலை. சன்னல் ஓரத்தில் பட்டறைப் பலகை, பக்கத்திலேயே அடுப்பு. தைப்பூசத்திற்கு முதல் நாள் நாங்கள் பெரியில் ஏறி அங்கே போய்விடுவோம். பினாங் தெருக் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தை அந்தச் சன்னலில் நின்று பார்க்க எங்களுக்குள் போட்டா போட்டி நடக்கும். 1894 முதல் ஓடும் ரதம் அது. மழை பெய்தால் பெரியம்மா மூன்று வாளிகளைக் கொண்டுவந்து ஒழுகும் இடங்களில் வைப்பார்.

"ஏன் பெரியப்பா, வீட்டுக்காரர் கூரையைச் சரி பண்ணித் தர மாட்டாரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்படிப் பண்ணுவாரு தம்பி? நாம குடுக்கிற வாடகையில ஓடு வாங்குறதா, ஆளுக்குக் கூலி குடுக்கிறதா? அவரும் பாவம், நாமளும் பாவம்" என்று சிரித்தார்.

மாணவச் செல்வங்களே, அந்த ஒரு பதிலில் பெரிய பொருளாதாரப் பாடமே அடங்கியிருக்கிறது. வாடகை குறைவாக இருந்ததால் ஏழைகள் நகரின் நடுவிலேயே தொழில் செய்து பிழைத்தார்கள். அதே குறைந்த வாடகையால் வீட்டுக்காரர் பராமரிப்பைக் கைவிட்டார். வீடுகள் அழுகின. ஆனால் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாததால் பெரும்பாலான வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டவும் முடியவில்லை. மற்றப் பட்டணங்கள் பழையன கழித்துப் புதியன கட்டிய காலத்தில், ஜார்ஜ்டவுன் தன் பழைய உருவத்தோடு நின்றதற்கு இச்சட்டமும் ஒரு பெருங்காரணம். கூரையைக் கெடுத்த சட்டமே தெருவைக் காத்தது!

இரண்டாயிரமாவது ஆண்டு

1997இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்கியது. குடியிருப்பவர்களுக்கு இடைக்காலமாகக் கிடைத்தது 28 மாதங்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. உலகமே புத்தாயிரத்தை வாண வேடிக்கையோடு வரவேற்ற அந்த நேரத்தில், ஜார்ஜ்டவுனின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன.

பெரியப்பாவுக்கும் கடிதம் வந்தது. கேட்ட வாடகை அவரால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. "இந்த வயசுல நான் எங்க போய்ப் புதுசா வாடிக்கை புடிக்கிறது?" என்றார். கடைசியில் மகனோடு பட்டவொர்த் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பட்டறைப் பலகையையும் கூடவே கொண்டு வந்தார். ஆனால் அதன் முன் உட்கார்ந்து வேலை செய்ததை நான் பார்க்கவில்லை. தாலிக்குப் பொன்னுருக்க அவரைத் தேடி வந்தவர்களுக்கு, பத்தர் எந்த மாடியில் எந்த எண்ணில் இருக்கிறார் என்று தெரியவில்லை. தொழில் என்பது கைத்திறன் மட்டுமன்று. அது தெருவும் சேர்ந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

விந்தை என்னவென்றால், அவரைப் போன்றவர்கள் வெளியேறிய வீடுகள் உடனே செழித்துவிடவில்லை. அதிக வாடகை தர ஆளில்லாமல் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் சன்னல்களை அடைத்து, கூட்டுக்காகப் பறவை வளர்த்தார்கள். மனிதர் குடியிருந்த மாடியில் உழவாரக் குருவிகள் குடியேறின!

உலக மரபுடைமையும் விலை உயர்வும்

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுக்கே கிடைத்த பெருமை அது. பல இனமும் பல சமயமும் அருகருகே வாழ்ந்துவரும் பண்பாட்டுக்கு இந்நகரம் உயிருள்ள சான்று என்பது சேர்த்ததற்கான காரணங்களுள் ஒன்று.

அதன்பின் காற்று திசை மாறியது. நொடித்த வீடு 'மரபு வீடு' ஆனது. வெளிநாட்டவரும் கோலாலம்பூர்க்காரரும் வந்து பார்த்தனர். சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வாங்கினர். 2012இல் லெபோ ஆர்மேனியன் சுவரில் மிதிவண்டியில் இரு குழந்தைகள் செல்லும் ஓவியம் தீட்டப்பட்டதும், அதைப் படம் பிடிக்கச் சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்தனர். சிறு தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன.

வீட்டு விலை ஏன் ஏறியது? கணக்கு எளிது. மரபுடைமை மையப் பகுதியின் பரப்பு சுமார் 109 ஹெக்டர். அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். பழைய கடைவீட்டைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. இருப்பது அவ்வளவுதான், வாங்க வருபவரோ உலகெங்கும் இருக்கிறார். பெருந்தொகை கொடுத்து வாங்கியவர் வங்கிக் கடனை அடைக்க வேண்டும். ஓர் இரவுக்கு இவ்வளவு வெள்ளி என்று அறை விடும் விடுதி அந்த வாடகையைத் தாங்கும். மசாலை அரைத்து விற்பவரும், பூமாலை கட்டுபவரும், பிரம்பு பின்னுபவரும் தாங்குவார்களா?

கடலோரத்தில் மரக்கால்கள் மேல் நிற்கும் சீனர் குலத்துறைகளின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவற்றுள் கோய் குலத்தாரின் துறை 2006இல் இடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் எஞ்சிய துறைகள் உலக மரபுடைமையின் பகுதியாயின! இன்று சியூ குலத்துறையில் வீட்டு வாசல்தோறும் சுற்றுப்பயணிகள். இடிபடாமல் தப்பியது நல்லதே. ஆனால் கண்காட்சிக்குள் குடித்தனம் நடத்துவதும் எளிதன்று.

நியாயம் யார் பக்கம்?

வீட்டுக்காரரைப் பழிப்பது எளிது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் அற்ப வாடகை வாங்கியவரும் மனிதர்தாமே! புதிதாக வந்தவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அவர்களுள் பலர் இடியும் நிலையில் இருந்த வீடுகளைச் சுண்ணாம்பும் பழைய ஓடும் கொண்டு முறையாகச் செப்பனிட்டனர். சியோங் பாட் சீ மாளிகை அவ்வாறு புதுப்பிக்கப்பட்டு 2000இல் யுனெஸ்கோ விருது பெற்றது. சுற்றுலாவால் பலருக்கு வேலையும் கிடைத்தது. இவற்றை மறுப்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பினாங்கு மரபுடைமைச் சட்டமும், 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டமும் நகரின் உருவத்தைக் காக்கின்றன. கட்டடம் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும் வரம்பு உண்டு. சுவருக்கு வரம்பு உண்டு, வாடகைக்கு இல்லை. பழைய சட்டம் ஆளைக் காத்துக் கூரையைக் கைவிட்டது. இன்றைய ஏற்பாடு கூரையைக் காத்து ஆளைக் கைவிடுகிறது. இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழியை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வழியே இல்லையா? உண்டு என்பதற்கு நம் முன்னோரே சாட்சி. வக்பு நிலம், கோயில் நிலம், சீனர் கொங்சி நிலம் என நகரின் நடுவில் பொதுச்சொத்து நிறைய இருக்கிறது. அன்று கொடுத்தவர்கள் அதைத் தனியார் விலைபேசும் சரக்காக வைக்கவில்லை. அறத்திற்கென்று எழுதி வைத்தார்கள். அத்தகைய சொத்தில் யார் குடியிருக்கலாம், என்ன வாடகை என்பதைச் சந்தை மட்டுமே தீர்மானிக்க வேண்டியதில்லை. பொறுப்பாளர்களின் மனமும் தீர்மானிக்கலாம். ஒரு பகுதியைக் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கும், அருகிவரும் தொழில்களுக்கும் ஒதுக்கினால் தெருவில் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்கும்.

நமக்கு இதில் என்ன?

குடும்பம் வெளியேறினால் பிள்ளையும் வெளியேறும். பிள்ளை வெளியேறினால் பக்கத்துப் பள்ளியின் வகுப்பறை காலியாகும். கோயிலில் தேவாரம் பாடும் குரல் குறையும். வீட்டு விலை என்பது வெறும் பணக் கணக்கன்று. ஒரு சமுதாயம் எங்கே கூடும், எங்கே சிதறும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. அக்கரை வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் பலர் இன்று இங்கே நம் முன்னால் பரிசு வாங்க நிற்கிறார்கள். நமக்கு அது மகிழ்ச்சியே. ஆயினும் அவர்கள் எங்கிருந்து, ஏன் வந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

பெரியப்பா இருந்த வீட்டில் இப்போது அறைக்கு வாடகை நாள் கணக்கில். தைப்பூசத்தன்று நாங்கள் இன்னும் போகிறோம். கீழே ஐந்தடியில் நின்று ரதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியிடம் போய், எந்தத் தெருவில், எந்த எண்ணில், யாரோடு குடியிருந்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள், எதனால் கிளம்பினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வீடு கைமாறலாம், விலை ஏறலாம். நாம் அங்கே வாழ்ந்தோம் என்ற வரலாற்றை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாமே. நாளை நீங்கள் வளர்ந்து, பொறுப்பான இடங்களில் அமர்ந்து, வீடு பற்றிய சட்டங்களை எழுதும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!