ஒப்பந்தத்திற்கு வெளியே நின்ற கட்சி: 1957, 1965 ஆம் ஆண்டு உடன்பாடுகளும் இலங்கை எதிர்க்கட்சி அரசியலும்

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் தலைவர்கள் எதிர்க்கட்சியுடன் இணக்கம் தேட வேண்டுமா என்னும் வினாவை, இலங்கையில் 1957, 1965 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட இரு ஒப்பந்தங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. விட்டுக்கொடுப்பு என்பதால் அவை தோற்கவில்லை. ஆட்சிக்கு வரும் வாய்ப்புடைய மற்றைய பெருங்கட்சி அவற்றால் கட்டுப்படுத்தப்படாமையே தோல்விக்கு முதன்மைக் காரணம் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பண்டாரநாயக்கா, செல்வநாயகம், தமிழரசுக் கட்சி, பிராந்திய சபை, எதிர்க்கட்சி, விட்டுக்கொடுப்பு

முன்னுரை

இலங்கைத் தமிழர் அரசியல் வரலாற்றில் ‘ஒப்பந்தம்’ என்னும் சொல் ஏமாற்றத்தின் மறுபெயராகவே பெரும்பாலும் வழங்கி வந்துள்ளது. பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தமும் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தமும் நிறைவேறாமற் போனமைக்கு இருவகை விளக்கங்கள் தரப்படுவதுண்டு. சிங்களத் தலைவர்களின் வாக்கை நம்பியதே பிழை என்பது ஒன்று. பௌத்த பிக்குகளின் எதிர்ப்புக்கு முன் எந்தத் தலைவரும் நிலைத்திருக்க இயலாது என்பது மற்றொன்று. ஆயினும், முதல் ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சியே இரண்டாவதைச் செய்தது. முதலாவதைச் செய்த கட்சியே இரண்டாவதை எதிர்த்தது. இந்த இடமாற்றத்தை மேற்கூறிய விளக்கங்கள் கருத்திற் கொள்வதில்லை.

1957: இரு தரப்பும் விட்டுக்கொடுத்தவை

1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் பண்டாரநாயக்கா தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களையும் தமிழரசுக் கட்சி 10 இடங்களையும் பெற்றன. முந்தைய தேர்தலில் 54 இடங்களை வென்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. அவ்வாண்டே தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. தமிழரசுக் கட்சி அறிவித்திருந்த சத்தியாக்கிரகம் நெருங்கிய சூழலில், 1957 ஜூலை 26 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

ஆட்சிமொழிச் சட்டத்தை நீக்குவதோ கூட்டாட்சியைப் பேசுவதோ இயலாது எனப் பிரதமர் தெளிவுபடுத்தினார். தமிழரசுக் கட்சி தன் அடிப்படைக் கொள்கைகளைக் கைவிடாமலே இடைக்கால ஏற்பாடொன்றை ஏற்றுச் சத்தியாக்கிரகத்தை நிறுத்தியது. வட மாகாணம் ஒரு பிராந்தியமாகவும் கிழக்கு மாகாணம் இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்களாகவும் அமையும். மாகாண எல்லையைக் கடந்தும் பிராந்தியங்கள் இணையலாம். காணி, குடியேற்றம், கல்வி, விவசாயம் முதலிய துறைகளில் பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் வழங்கப்படும். வடக்கு, கிழக்கின் நிருவாக மொழியாகத் தமிழ் இருக்கும் என்பன இதன் முக்கியக் கூறுகள். இரு தரப்பும் கொள்கையை ஒதுக்கி வைத்து நடைமுறையில் நெருங்கிய உடன்பாடாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

எதிர்ப்பின் தேர்தற் கணக்கு

தோல்வியால் நலிந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இவ்வொப்பந்தம் மீட்சிக்குரிய வாய்ப்பாயிற்று. 1957 அக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்த்தனா கொழும்பிலிருந்து கண்டிக்கு எதிர்ப்பு நடைப்பயணம் தொடங்கினார். அது இம்புல்கொடையில் தடுக்கப்பட்டபோதும், ‘நாட்டைப் பிரிக்கும் ஒப்பந்தம்’ என்னும் பரப்புரை நிற்கவில்லை. உடன்பாடோ எட்டு மாதங்கள் கடந்தும் சட்டமாகவில்லை. வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்பட்டதும் அதற்கெதிரான தமிழரசுக் கட்சியின் போராட்டமும் பகைமையை வளர்த்தன. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாத இறுதியில் இனக்கலவரம் மூண்டு அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது.

1965: மாறிய இடங்கள், மாறாத முறைமை

1965 தேர்தலில் 66 இடங்கள் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு, 14 இடங்கள் பெற்ற தமிழரசுக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் உடன்பாடு செய்தனர். கண்டிப் பயணத்தை நடத்திய ஜெயவர்த்தனா இவ்வரசில் அமைச்சராக இருந்தார். 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபோது சிறீலங்கா சுதந்திரக் கட்சி தெருவில் இறங்கியது. அவ்விதிகளுக்கு அடிப்படையாக அமைந்தது 1958இல் பண்டாரநாயக்கா அரசே நிறைவேற்றிய சட்டமாகும். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த லங்கா சமசமாஜக் கட்சியும் இம்முறை எதிர்ப்பாளர் பக்கம் நின்றது. மாவட்ட சபைகள் பற்றிய 1968 ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சியின் சார்பில் அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம் அவ்வாண்டே பதவி விலகினார்.

ஆகவே, ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைக் காட்டிலும், எதிர்ப்பவர் எந்த வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதே எதிர்ப்பைத் தீர்மானித்தது. பிக்குகளின் அழுத்தம் உண்மையானதே. எனினும், அதனை வாக்காக மாற்றிக்கொள்ள ஒரு பெருங்கட்சி காத்திருந்தமையே அவ்வழுத்தத்திற்கு ஆட்சியை அசைக்கும் வலிமையைத் தந்தது.

மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, இரு பெருங்கட்சிகளும் கூடியிருந்தால் தமிழருக்கு எதுவும் கிடைத்திராது என்பது. 1956இல் இரண்டும் தனிச்சிங்களக் கொள்கையில் ஒன்றுபட்டிருந்தமை இம்மறுப்புக்கு வலுவூட்டுகின்றது. பெருங்கட்சிகளின் இணக்கம் மட்டும் நீதியாகிவிடாது. சிறுபான்மையினரின் கட்சியும் அதே மேசையில் சமமாக அமர வேண்டும்.

இரண்டாவது, இருகட்சி இணக்கமும் பின்னர்த் தோற்றது என்பது. 1997இல் பிரித்தானிய அமைச்சர் லியாம் பாக்ஸின் முயற்சியால், சந்திரிகா குமாரதுங்கவும் ரணில் விக்கிரமசிங்கவும் இனச்சிக்கல் தொடர்பாக ஒருவர் முயற்சியை மற்றவர் குலைப்பதில்லை என உடன்பட்டனர். ஆயினும் 2000 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவின் படிகளை ஐக்கிய தேசியக் கட்சியினர் நாடாளுமன்றத்தில் எரித்தனர். ‘எதிர்ப்பதில்லை’ என்னும் வாக்குறுதிக்கும் இருவரும் சேர்ந்து எழுதிய வரைவுக்கும் இடையே உள்ள தொலைவை இந்நிகழ்வு காட்டுகின்றது. தான் கையொப்பமிடாத ஏட்டைக் காப்பதில் எதிர்க்கட்சிக்கு அக்கறை பிறப்பதில்லை.

முடிவுரை

செல்வநாயகம் ஆட்சியாளருடன் இணக்கம் தேடியது பிழையன்று. பண்டாரநாயக்காவும் டட்லியும் அவருடன் பேசியதும் பிழையன்று. தம் வாக்காளரையே பங்கிட்டுக்கொள்ளும் போட்டிக் கட்சியுடன் பேசாமல், அரிதிற்பெற்ற உடன்பாட்டை அவர்கள் அதன் பரப்புரைக்கு இரையாக விட்டனர். எதிரணியுடன் இணக்கம் காணும் தலைவர், அவ்விணக்கத்தை முறிப்பதால் பயன்பெறப் போகிறவர் யார் என்பதையும் எண்ணி, அவரையும் அதன் உரிமையாளராக்க வேண்டும். அது நிகழாத நாட்டில் இணக்கம் பேசியவர்களே நம்பிக்கை இழந்தனர். இடைக்கால ஏற்பாட்டை 1957இல் ஏற்ற அதே செல்வநாயகத்தின் தலைமையில், 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.