எழுத்தைத் துறத்தலும் கோட்டைத் துறத்தலும்: பணிக்கரும் ஆதிமூலமும் அடைந்த அரூப நடை

ஆய்வுச்சுருக்கம்

சென்னை ஓவியர்கள் 1960களில் அரூப ஓவியத்தை நோக்கி நகர்ந்ததை மேலை நவீனத்துவத்தின் தாக்கம் என்றோ மரபுக் குறியீடுகளின் மீட்பு என்றோ விளக்குவது வழக்கமாக உள்ளது. ஒரே பள்ளியில், ஒரே காலத்தில் இயங்கிய ஓவியர்களின் நடைகள் ஒன்றிலிருந்து ஒன்று ஏன் இவ்வளவு விலகின என்ற வினாவுக்கு இவ்விரு விளக்கங்களும் விடை தருவதில்லை. கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), கே.எம். ஆதிமூலம் (1938–2008) ஆகியோரின் படைப்பு வழிகளை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளும் இக்கட்டுரை, தமக்கு நன்கு கைவந்திருந்த ஒன்றை ஓவியர் விலக்கிய இடத்திலேயே அவரது தனிநடை தொடங்கிற்று என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அரூப ஓவியம், சென்னை ஓவிய இயக்கம், சோழமண்டலம், கே.சி.எஸ். பணிக்கர், கே.எம். ஆதிமூலம், தனிநடை

முன்னுரை

அரூபம் என்னும் சொல்லைத் தமிழில் ஓவியம் பற்றி எழுதுவோர் உருவமற்ற ஓவியம் என்ற பொருளில் ஆள்கின்றனர். உருவம் அறவே நீங்கிய ஓவியம், உருவத்தின் சாயல் எஞ்சி நிற்கும் ஓவியம், அறிந்த உருவம் ஒன்றைப் பெயர்த்தெடுத்து அதன் பயன்பாட்டைக் கழித்துவிட்ட ஓவியம் ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சென்னை ஓவியர்களைப் பற்றிய பேச்சில் இது சிறிய குறையன்று. பணிக்கரின் பிற்காலப் படைப்புகளும் ஆதிமூலத்தின் பிற்காலப் படைப்புகளும் ஒரே பெயரால் சுட்டப்படும்போது அவற்றுக்கிடையிலுள்ள தொலைவு மறைந்துபோகிறது.

உருவம், அருவம், அருவுருவம் எனச் சைவ சித்தாந்தம் செய்யும் பகுப்பு இறைக்கொள்கை சார்ந்தது, ஓவியத்துக்காக வகுக்கப்பட்டதன்று. எனினும் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு என்பது ஈண்டு பயன்தரும். சமயப் பொருளை நீக்கி, விவரிப்புச் சொல்லாக மட்டும் கொண்டால், பணிக்கரின் 1963க்குப் பிந்தைய ஓவியங்களை அருவுருவம் என்றும், ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களை அருவம் என்றும் பிரித்துக் கூற இயலும்.

பள்ளியும் அதன் பாடமும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளி, நெடுங்காலம் கைத்தொழில் பயிற்சியையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அதன் முதல் இந்திய முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி நுண்கலைக் கல்விக்கு அங்கு அடித்தளமிட்டார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்க்கு அவரது நோக்கு விளங்கும்: உடற்கூறு, எடை, தசையின் இறுக்கம். 1957இல் அவர் ஓய்வுபெற்றபின் பணிக்கர் முதல்வரானார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், இளமையில் தந்தித் துறையில் பணியாற்றிவிட்டுப் பின்னரே இப்பள்ளியில் சேர்ந்தவர். நீர்வண்ண நிலக்காட்சிகள் அவருக்கு முதற்பெயரைத் தந்தன. கேரளத்து நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் ஒளி குன்றாமல் தீட்டும் திறன் அவரிடம் இருந்தது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954இல் லண்டனில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பிய ஓவியங்களை நேரில் கண்ட அப்பயணத்துக்குப் பின், இந்திய ஓவியன் ஒருவன் தன்னுடையது எனச் சொல்லத்தக்க மொழி எது என்ற வினா அவரை விடாது தொடர்ந்தது. 1950களின் இறுதியில் தீட்டிய தோட்டக் காட்சிகளில் வான்கோவின் சாயல் இன்னும் தெரிகிறது. ஆயினும் ஆழம் குறைந்து, மாந்தரும் மரங்களும் ஒரே தளத்தில் பரவத் தொடங்கியிருப்பதும் அவற்றில் நோக்கத்தக்கது.

முதல்வராகவும் நல்ல ஓவியராகவும் அறியப்பட்ட ஒருவர் ஐம்பது வயதுக்குப் பின் தம் நடையை முற்றிலும் மாற்றிக்கொண்டார் என்பதே இவ்வரலாற்றின் முதன்மையான செய்தி. அம்மாற்றத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது ஏதேனும் மாபெரும் ஓவியமாகவோ தொன்மையான யந்திரமாகவோ இருந்திருப்பின் வரலாற்றாசிரியர்க்கு வேலை எளிதாயிருக்கும். அது ஒரு மாணவரின் கணக்குக் குறிப்பேடு.

1963: பக்கமாகிய ஓவியம்

இயற்கணிதச் சமன்பாடுகள் நிறைந்த குறிப்பேட்டுப் பக்கமொன்று தம் கண்ணைக் கவர்ந்ததைப் பணிக்கரே கூறியிருக்கிறார். அப்பக்கத்தின் பொருள் அவருக்குத் தேவைப்படவில்லை. எண்களும் குறிகளும் வெள்ளைத்தாளில் அமர்ந்திருந்த ஒழுங்கே அவரை ஈர்த்தது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் முதலில் கணிதக் குறிகளும் எண்களும் உரோமானிய எழுத்துகளும் இடம்பெற்றன. பின்னர் அவற்றின் இடத்தை மலையாள எழுத்தின் வடிவங்கள் பிடித்தன.

இவ்வரிசை ஓவியங்களில் நோக்கத்தக்கவை பல. மங்கிய அல்லது காவி படர்ந்த தளம், அதன்மேல் மெல்லிய கோட்டில் நெருக்கமாக ஓடும் எழுத்துவரிகள், இடையிடையே சாதகக் கட்டங்களை நினைவூட்டும் சதுரங்கள், சிற்றுருவங்கள். அடிவானம் இல்லை, ஒளி விழும் திசை இல்லை, அருகு சேய்மை என்ற வேறுபாடும் இல்லை. பஞ்சாங்கத்தையோ ஏட்டுச்சுவடியையோ விரித்ததுபோல, பார்வை இடமிருந்து வலமாக நகரத் தொடங்குகிறது. ஆனால் படிக்க முயல்வோர் ஏமாறுவர். தமிழ் மட்டும் அறிந்தவர் தமக்கு மலையாளம் தெரியாமையே இதற்குக் காரணம் என எண்ணக்கூடும். மலையாளம் அறிந்தவர்க்கும் அவ்வரிகள் சொல்லாகக் கூடுவதில்லை. எழுத்தின் வளைவும் சுழியும் உள்ளன. எழுத்தின் பணி நீக்கப்பட்டுவிட்டது.

பணிக்கர் விட்டவை எவை என்பதை இங்கு வரிசைமுறையிற் காணலாம். நீர்வண்ண ஓவியராக அவர் பெற்றிருந்த ஒளியையும் ஆழத்தையும் முதலில் விட்டார். உருவ ஓவியராகப் பெற்றிருந்த மனித முகபாவத்தை அடுத்து விட்டார். படிக்கத்தக்க எழுத்தைக் கொண்டுவந்து, அதன் பொருளை இறுதியில் விட்டார். மூன்றாவதே கடினமானது. பொருள் உள்ள எழுத்தை ஓவியத்தில் வைத்தால் அது முழக்கமாகவோ தலைப்பாகவோ மாறிவிடும். எழுத்தே அல்லாத கீறலை வைத்தால் அது வெறும் அலங்காரமாகும். இரண்டுக்கும் நடுவே, எழுதப்பட்டது என்று நம்பவைக்கும் அளவுக்கு மட்டும் எழுத்தாக நிற்கும் கோட்டை அவரது கை கண்டடைந்தது. ஒரு தசாப்தத்துக்கும் மேலாக அவர் அதிலேயே உழன்றதற்கு அக்கோட்டின் நொய்ம்மையும் காரணமாகலாம்.

தாந்திரிகம் என்னும் பெயர்

இவ்வோவியங்களையும் பணிக்கரின் மாணவர் சிலரின் படைப்புகளையும் ‘புதுத் தாந்திரிகம்’ என்ற வகைமையோடு இணைத்துப் பேசும் போக்கு பின்னர் வலுப்பெற்றது. தாந்திரிகக் கலை பற்றிய அஜித் முகர்ஜியின் நூல் 1960களின் பிற்பகுதியில் வெளிவந்து பரவலான கவனம் பெற்றபின், வட்டமும் முக்கோணமும் சதுரமும் எங்கே தென்பட்டாலும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. பணிக்கரின் வரிசை 1963இலேயே தொடங்கிவிட்டது. அதன் ஊற்று யந்திரம் அன்று, கணக்குப் பாடம்.

இப்பெயரால் விளைந்த கேடு, ஓவியத்தைப் பார்ப்பதற்கு மாற்றாக அதைப் ‘பொருள்பெயர்க்கும்’ பழக்கம். சதுரம் இன்னதைக் குறிக்கும், பாம்பு இன்னதைக் குறிக்கும் என அகராதி போட்டுச் செல்லும் கட்டுரைகள், எழுத்தைப் படிக்கவொட்டாமல் ஓவியர் அடைத்த கதவைத் தம் கையாலேயே திறக்க முற்படுகின்றன. உட்பொருளை நாடிக் குறியீட்டைக் கையாண்ட ஓவியர்களும் அதே வட்டத்தில் இருந்தனர் என்பது உண்மையே. ‘பிரம்மசூத்திரம்’ என்ற வரிசையைத் தீட்டிய கே.வி. ஹரிதாசன் அவர்களுள் ஒருவர். அவருக்கு அவ்வகைமைப் பெயர் பொருந்தும். ஹரிதாசனுக்குப் பொருந்துவதாலேயே பணிக்கருக்கும் பொருந்தும் என்பதே பிழை.

ஒரே ஆசிரியர், வேறு வழிகள்

1966இல் பணிக்கரும் ஓவியர் பலரும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். நிலம் வாங்கப் பணம் தந்தது ஓவியம் அன்று. மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களின் விற்பனையே அதைத் தந்தது. கைவினை வயிற்றைக் கவனித்துக்கொண்டதால், ஓவியம் வாங்குவோரின் விருப்பத்துக்கு இணங்கவேண்டிய கட்டாயம் குறைந்தது. அரூப நடையின் வரலாற்றில் இப்பொருளியல் அடிப்படைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. விலைபோகாத சோதனையைப் பத்தாண்டு தொடர்ந்து செய்ய ஓவியர்க்குச் சோறு வேண்டும்.

பள்ளியில் பயின்ற அக்கித்தம் நாராயணன் 1967இலும், சோழமண்டலத்தின் தொடக்கக்கால உறுப்பினரான வி. விஸ்வநாதன் 1968இலும் பாரிஸ் சென்று அங்கேயே தங்கினர். இருவரும் வடிவியல் உருக்களைக் கையாண்டவர்கள், இருவரும் கேரளத்தவர். நாராயணனின் சதுரங்களும் முக்கோணங்களும் ஒன்றோடொன்று கணக்காகப் பொருந்தி அடங்குகின்றன. விஸ்வநாதனிடமோ காலப்போக்கில் வடிவத்தின் விளிம்பே தளர்ந்து, வண்ணத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இந்தியக் கடற்கரை நெடுகச் சென்று மணல் திரட்டியவர், மணலைப் பற்றித் திரைப்படமும் எடுத்தவர் அவர். ஆசிரியரின் எழுத்துப் பக்கத்தை இவ்விருவருள் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. பணிக்கர் ஒரு பாணியைக் கற்பித்திருந்தால் சென்னையில் போலிப் பணிக்கர்கள் மிகுந்திருப்பர்.

ஆதிமூலம்: கோட்டின் புகழும் அதன் விலக்கமும்

துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று 1966இல் பட்டயம் பெற்றார். அப்போது பணிக்கரே முதல்வர். நெசவாளர் சேவை மையத்திலும் ஆதிமூலம் பணியாற்றினார். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் வரைந்த நூறளவான கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித்தந்தன. அரசர் வரிசை ஓவியங்களும் கோட்டின் வல்லமையாலேயே நின்றன. பேனாவின் நுண்கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, முகத்தின் சுருக்கமாகவும் துணியின் மடிப்பாகவும் உருக்கொள்வது அவரது அடையாளமாயிற்று.

தமிழ் வாசகர்க்கு அவர் நெருக்கமானது இதழ்களின் வழியாக. சிற்றிதழ்களுக்கு வரைந்தார், நூல்களின் முகப்புக்குத் தமிழ் எழுத்துகளைப் புதிதாக வடிவமைத்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’, ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஆகியவை வார இதழ்களில் வெளிவந்தபோது அவற்றுக்கு வரைந்தவர் அவரே. கரிசல் மாந்தரின் முகங்களைப் பல வாசகர் இன்றும் அவரது கோட்டின் வடிவிலேயே நினைவுகூர்கின்றனர்.

இத்தகைய கோட்டைக் கைவரப்பெற்றவர், 1970களின் பிற்பகுதியிலிருந்து கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தைக் கையிலெடுத்தபோது அதை வெளியே நிறுத்தினார். மனிதர் இல்லை, மரம் இல்லை, வரைகோடும் இல்லை. கெட்டியான வண்ணம் பட்டை பட்டையாக இழைக்கப்பட்டு, நீலமும் பச்சையும் மஞ்சளும் தத்தம் எல்லையைத் தாமே தேடிக்கொள்கின்றன. இவற்றை நிலக்காட்சிகள் என்று கூறுவதுண்டு. மேலிருந்து காணும் வயற்பரப்பு போலவோ மழைக்கு முந்தைய வானம் போலவோ அவை தோன்றலாம். குறிப்பிட்ட இடம் எதையும் அவை காட்டுவதில்லை.

பணிக்கரோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. எழுத்தைக் கான்வாஸுக்குள் கொண்டுவந்து படிக்கவொண்ணாததாக்கினார் பணிக்கர். எழுத்தைப் புத்தக அட்டையில், படிப்பதற்காகவே, புதிய முகத்தோடு நிறுத்தினார் ஆதிமூலம். தம் கான்வாஸில் அதற்கு இடமளிக்கவில்லை. முன்னவரின் அரூபம் கோட்டைச் சார்ந்தது. பின்னவரின் அரூபம் கோட்டை நீக்கியபின் கிடைத்தது. சென்னை ஓவியத்தின் பொதுப்பண்பு கோடே என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருவதை ஏற்றால், அவ்வியக்கத்தின் மிகச்சிறந்த கோட்டோவியருள் ஒருவர் தம் முதிர்ந்த பருவத்தின் வண்ண ஓவியங்களில் அப்பண்பைத் துறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனால் அத்துறவு அவரது படைப்பு முழுவதையும் தழுவியதன்று. கான்வாஸில் கோடு மறைந்திருந்த அதே ஆண்டுகளில்தான் இதழ்ப் பக்கங்களில் அது வாரந்தோறும் வீடுகளுக்குள் சென்றது. இதழுக்கு வரைந்தவரையும் கான்வாஸில் தீட்டியவரையும் இரு வேறு ஓவியராகப் பாவித்து, இலக்கிய ஆய்வாளர் முன்னவரையும் கலை விமரிசகர் பின்னவரையும் பங்கிட்டுக்கொண்டது ஆய்வுக்கு நேர்ந்த இழப்பு. கதைமாந்தரின் முகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கோடு இதழில் முழுமையாக ஏற்றுக்கொண்டதனாலேயே, கான்வாஸ் அப்பொறுப்பிலிருந்து விடுபட்டது எனக் கருத இடமுண்டு. அவரது வண்ண ஓவியங்களை அணுகிப் பார்த்தால், இரு வண்ணப் பட்டைகள் மோதும் இடத்தில் வண்ணக்குழம்பு வரப்புபோல் சற்றே எழும்பி நிற்பது தெரியும். பேனா தொடாத அவ்விளிம்பு, ஓர் அடி பின்னால் நகர்ந்ததும் கோடாகத் தெரிகிறது.