சைக்கிளுக்கு மட்கார்டு வாங்கும் முன்

மழை விட்ட பின் தோட்டத்து மண் சாலையில் சைக்கிள் ஓட்டினால், பள்ளிச் சீருடையின் முதுகெல்லாம் சேறாகிவிடும். அதைத் தடுப்பது மட்கார்டு. ஆனால், பொருந்தாத மட்கார்டு ஆளையே கீழே தள்ளிவிடும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 26 × 1.95 என்றிருந்தால் டயரின் அகலம் 1.95 அங்குலம், அதாவது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். மட்கார்டு அதைவிட 10 மில்லிமீட்டராவது அகலமாக இருப்பது நல்லது.

டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மண் சாலைக்கு இன்னும் கூடுதல் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் சேறும் குச்சியும் சிக்கி, முன் சக்கரம் திடீரென நின்றுவிடும். ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும்.

இரும்பு மட்கார்டு உறுதியானது, ஆனால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் இலேசானது, துருப்பிடிக்காது. நாள்பட்ட வெயிலில் வெடித்துப்போகும்.

நீள மட்கார்டைப் பொருத்த, சக்கரங்களின் அச்சுக்கு அருகே சட்டத்தில் திருகாணித் துளைகள் இருக்க வேண்டும். அவை இல்லாத சைக்கிளுக்குக் கவ்விப் பிடிக்கும் குட்டை மட்கார்டு உண்டு. அது முதுகைக் காக்கும், காலை அவ்வளவாகக் காக்காது.

பொருத்திய பிறகும் திருகாணிகளை அடிக்கடி இறுக்கிப் பாருங்கள். பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளில் முன் மட்கார்டு ஆடினால், அதைச் சரிசெய்யாமல் வெளியே அனுப்பாதீர்கள்.