பாட்டும் பகிடியும்: வானொலிக் கதம்ப மேடை

யாழ்ப்பாணத்தின் நாடக வரலாற்றை எழுதுவோர் நாட்டுக்கூத்தை மறப்பதில்லை. கலையரசு சொர்ணலிங்கத்தையும் பேராசிரியர் வித்தியானந்தனையும் மறப்பதில்லை. ஆனால், பாட்டும் பகிடியும் கலந்து வானொலிக்கும் மேடைக்குமாகத் தயாரான கதம்ப நிகழ்ச்சிகளுக்கு அவ்வரலாற்றில் ஒரு பந்திகூடக் கிடைப்பது அரிது. எனினும், குடாநாட்டு மக்கள் தமது சொந்தப் பேச்சைக் கலையாகக் கேட்டு மகிழ்ந்தது பெரும்பாலும் அவற்றில்தான் என்பது என் துணிபு.

அக்காலத்தில் சினிமாத் தமிழ் சென்னையிலிருந்து வந்தது. வானொலிச் செய்தியோ இலக்கணத் தமிழில் ஒலித்தது. வடபகுதிப் பேச்சுக்குக் கதவு திறந்தது இலங்கை வானொலியின் நாடகப் பகுதியே. 'சானா' என அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' அவ்வழியில் முன்னோடி. பின்னர் 'கோமாளிகள் கும்மாளம்' வந்தது. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன் என ஒவ்வொருவரும் இலங்கையின் ஒவ்வொரு சமூகத்தின் தமிழைப் பேசினர். அதன் புகழே 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்ளூர்க் கலைக்கு ஒருவகையில் துணை செய்தன. தென்னிந்திய சஞ்சிகைகள் அரிதாகிய அந்த ஆண்டுகளில் ஈழத்துப் பொப்பிசை தழைத்தது. உரும்பிராய் நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் நம்மூர்ச் சொற்களைப் பாடினர். கோயில் திருவிழாக்களில் கண்ணன் கோஷ்டி போன்ற இசைக்குழுக்கள் விடியும்வரை வாசித்தன. பாடல்களுக்கிடையே நகைச்சுவைக் கலைஞர்கள் மேடையேறினர்.

கரவெட்டி தந்த கே. எஸ். பாலச்சந்திரன் இவர்களுள் தனித்து நிற்பவர். அவரது 'அண்ணை றைட்' தனிநடிப்பில் மேடையில் நிற்பது ஒருவர்தான். கேட்பதோ பஸ் முழுவதையும். கொண்டக்டரின் அதட்டலும் பயணிகளின் முறைப்பாடும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. காட்சியமைப்பு எதுவும் தேவைப்படாததால் அது வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் இயல்பாகவே பொருந்தியது.

சபையோர் முன் நடந்து வானொலியில் செல்லும் நிகழ்ச்சிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நேரடி அஞ்சலில் வாய் தவறினால் திருத்த வழியில்லை. சபையின் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருக்க வேண்டும். அதிகம் காத்திருந்தாலோ வீட்டில் கேட்பவருக்கு வெறும் மௌனம். அந்த இடைவெளியை அளந்து நிரப்பியவர்கள் அறிவிப்பாளர்கள். கே. எஸ். ராஜாவின் வேகமும், பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிதானமும் அத்தகைய பயிற்சியில் விளைந்தவை.

1983க்குப் பின் கலைஞரும் இரசிகரும் சிதறினர். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த நானும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டவன். செய்திக்காகவே சுழற்றினோம், ஆயினும் செய்தி முடிந்து பாட்டு வந்தால் கை தானாக ஓய்ந்துவிடவில்லை. 1994இல் கே. எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் காலமானார்.

எஞ்சியிருப்பவை ஒலிநாடாக்கள். நாடா விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், ஒலிபரப்பானதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது வானொலி நிலையங்களில் உலகெங்கும் இருந்த வழக்கம். பி.பி.சி.யே தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை இவ்வாறு இழந்தது. ஆகவே, இரசிகர் வீட்டில் பதிந்துவைத்த கசெற்றே பல நிகழ்ச்சிகளுக்கு இன்று ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

அச்சில் வந்தவற்றை 2005 முதல் 'நூலகம்' இணையத்தில் காத்துவருகிறது. ஒலிப்பதிவுகளையும் அது சேர்த்து வருகிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிஸிலோ உங்கள் அலுமாரியில் பழைய கசெற் இருந்தால், அதை எறிந்துவிடாதீர்கள். காந்த நாடாவுக்கும் ஆயுள் உண்டு. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தார் எப்படிப் பேசினர், எதற்குச் சிரித்தனர் என்று நாளை ஓர் ஆய்வாளர் தேடும்போது, ஏட்டில் கிடைக்காத விடை அந்த நாடாவில் இருக்கலாம்.